பெரட்டு இல்லாத காலை

நான் கொடைக்கானல் மலைக்குப் போகிறேன் என்றபோது அம்மாவுக்கு வருத்தம் இல்லை. அங்கே ஒரு விவசாயி வீட்டில் தங்கி, கூலி வாங்காமல் மண் வேலை செய்யப் போகிறேன் என்றதும்தான் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"சம்பளம் இல்லாம அடுத்தவன் காட்டுல வேலையா? அதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

அம்மாவுக்கு 78 வயது. மலேசியாவில், கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் 31 வருடம் பால் மரம் வெட்டியவர் (ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வோம்). காலை நான்கரைக்கு எழுந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கு எடுப்பது. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயரைக் கூப்பிடுவார், இருக்கேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பெயர் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. வேலை இருந்தால் கூலி. சிறு வயதில் லயத்து வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) படுத்துக்கொண்டே அந்தப் பெயர்களைக் கேட்டிருக்கிறேன். அம்மாவின் பெயர் வரும்வரை தூக்கம் வராது.

அப்படிப்பட்டவரிடம் நான் என்ன சொல்லிப் புரிய வைப்பது? ஒன்றும் சொல்லாமல்தான் கிளம்பினேன்.

27 வருடம் அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்திருந்துவிட்டு, போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். ஓய்வு கிடைத்தால் ஒரு தடவையாவது மண்ணில் வேலை செய்ய வேண்டும் என்று வெகுநாள் நினைப்பு. அதுவும் தமிழ்நாட்டில், எங்கள் ஆட்கள் கிளம்பி வந்த பக்கத்தில். அம்மாவின் தாத்தா வேடசந்தூர்ப் பக்கம். நாகப்பட்டினம் போய் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, பிறகு தோட்டத்துக்கு வந்தவர். 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதற்குச் சில வருடம் முன்பு இது நடந்தது. ஊரில் இப்போது எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. அதனால் அதே திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கே வேலை கற்றுக்கொள்ள முடியுமோ அங்கே போவது என்று முடிவு செய்தேன்.

இந்த மாதிரி ஏற்பாடு உலகம் முழுக்க இருக்கிறது. லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கொப்பார்ட் என்ற பெண்மணி 1971-ல் தொடங்கியது அது. நகரத்தில் அடைபட்டுக் கிடப்பவர்கள் வார இறுதியில் போய் வேலை செய்துவிட்டு வரட்டும் என்று சஸெக்ஸில் எமர்சன் கல்லூரியின் பண்ணையில் பேசி ஏற்பாடு செய்தார். அதுதான் வளர்ந்து இன்றைக்கு 'வூஃப்' என்று பல நாடுகளில் இருக்கிறது. நான் அதன் வழியாகப் போகவில்லை, ஒரு தோழி வழியாகப் போனேன். ஆனால் விதி அதேதான்: அரை நாள் வேலை, மூன்று வேளைச் சாப்பாடு, தங்க இடம், பணம் கைமாறாது. ஒரு விஷயம், என்னிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுப்பது) இருக்கிறது. சுற்றுலா விசாவில் வர நினைக்கும் மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் முதலில் தூதரகத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

அக்டோபர் கடைசியில் கோலாலம்பூரில் இருந்து திருச்சி. அங்கிருந்து பேருந்தில் திண்டுக்கல், வத்தலக்குண்டு, அப்புறம் மலையேற்றம். 2024 மே மாதத்தில் இருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது வேண்டியதில்லை. கொடைக்கானலில் இறங்கி, மன்னவனூர் போகும் பேருந்தில் இன்னொரு ஒன்றரை மணி நேரம். பூம்பாறை தாண்டினால் மலைச்சரிவெல்லாம் அடுக்கடுக்காக வெட்டிய நிலம். நடத்துனர் என்னைச் சடக்கோரத்தில் இறக்கிவிட்டுப் போனார். (நாங்கள் தார்ச்சாலையைச் சடக்கு என்போம். அந்த வீட்டுப் பையன் ஒரு வாரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாகச் சொன்னான்.)

அந்த வீட்டு விவசாயி, அவர் மனைவி, விவசாயியின் அம்மாவான ஆத்தா, ஏழாவது படிக்கிற மகன். மூன்று ஏக்கர், இரண்டு மாடு, ஒரு நாய், தகரக் கூரை வீடு. விவசாயிக்கு 44 வயது. முதல் நாளே என்னை அக்கா என்றார், நானும் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் மனைவி என்னை மதினி என்றார், நானும் அவரை மதினி என்றேன். இரண்டு நாளில் ஊரில் எல்லோருக்கும் நான் மலேசியாக்கா.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது வாசனைதான். அடுப்புக்கு மேலே பரண் போல மூங்கில் கட்டி, அதில் பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே விறகு எரிய எரிய மேலே புகை ஏறும். அந்தப் புகையில்தான் விதைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். வாங்கித் தின்கிறவர்களுக்கு அது ஒரு பெயர். இந்த வீட்டில் அது புகை படிந்த கூரை, இருமல், கண் எரிச்சல், அடுத்த வருடத்துக்கான முதல். ஆத்தா தினமும் தலையை அண்ணாந்து அந்தக் கொத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். ஒரு பல் உரித்து வாயில் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சீனப் பூண்டு தின்று பழகிய நாக்குக்கு, கண்ணில் நீர் வந்துவிட்டது.

காலை ஐந்தே முக்காலுக்கு வரக்காப்பி. கருப்பட்டி போட்டது, பால் கிடையாது. அந்தக் குளிரில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம், அந்த ஆறு வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த நேரம். யாரும் பெயர் கூப்பிடவில்லை, மணி அடிக்கவில்லை. ஆத்தா எழுந்தால் நாமும் எழுந்துகொள்வோம். முதலில் தொழுவம்: சாணி அள்ளி, கோமியம் பிடிக்கும் குழியைச் சுத்தம் செய்து, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். ஏழு மணிக்கு நிலத்தில் இறங்கினால் ஒன்பதுக்குப் பசியாறல். பசியாறியாச்சா என்று நான் கேட்டது ஆத்தாவுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. "இதுல்ல பேச்சு" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னார். இட்லி, சில நாள் கேப்பைக் களியும் பூண்டுக் குழம்பும். மறுபடி பன்னிரண்டரை வரை வேலை. மதியத்துக்கு மேல் என் நேரம். மழை இல்லாவிட்டால் நடப்பேன், மழை என்றால் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். மலைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. மழைதான் அதிகம்.

என்னோடு கோயம்புத்தூரில் இருந்து ஒரு தம்பியும் வந்திருந்தான். கல்லூரி முடித்த பையன், நல்ல உழைப்பாளி, பேச்சு குறைவு. முதல் இரண்டு வாரம் எங்கள் இருவருக்கும் வேலி, மக்கு உரம், தண்ணீர்க் குழாய், விதை பொறுக்குவது.

வேலி வேலை காட்டு மாட்டால் வந்தது. புத்தகத்தில் காட்டெருமை என்று போடுகிறார்கள், அங்கே எல்லோரும் காட்டு மாடு என்றுதான் சொல்கிறார்கள். நான் போன நான்காம் நாள் ராத்திரி மூன்று மாடுகள் இறங்கி, கேரட் பாத்தியை மிதித்துக் குழி குழியாக ஆக்கிவிட்டுப் போயின. தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டதில் மெதுவாகத் திரும்பி நடந்தன. ஓடக்கூட இல்லை. டார்ச் வெளிச்சத்தில் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல் தெரிந்தது. மறுநாள் வேலிக்கு வாட்டில் கம்பு வெட்டினோம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஒரு காலத்தில் இந்த மலையில் வெளியில் இருந்து கொண்டுவந்து நட்ட மரம் அது. சோலையையும் புல்வெளியையும் தின்றுவிட்டு இன்று எங்கு பார்த்தாலும் நிற்கிறது. விறகுக்கும் வேலிக்கும் அதை வெட்டினால் யாருக்கும் மனம் வலிப்பதில்லை. நான் அரிவாளைப் பாராங் என்று சொன்னேன், கோவைத் தம்பி திகைத்துப் போய் நின்றான்.

மக்கு உரம் போடும் வேலைதான் எனக்குப் பிடிபட்டது. காய்ந்த சருகு ஒரு அடுக்கு, பச்சைக் களை ஒரு அடுக்கு, சாணிக் கரைசல் தெளித்து மறுபடி சருகு. இடுப்புயரம் வந்ததும் மூடி வைத்து, நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிவிட வேண்டும். மூன்றாம் நாள் கம்பியை உருவித் தொட்டால் கை சுட வேண்டும். சுட்டால் குவியல் வேலை செய்கிறது. சுடாவிட்டால் ஈரம் போதவில்லை, அல்லது பச்சை போதவில்லை. என் முதல் குவியல் சுடவில்லை. பிரித்துப் போட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி அடுக்கினோம். அடுத்த மூன்றாம் நாள் காலையில் கம்பியை உருவியபோது கையை உதறிவிட்டேன். அன்று முழுக்க அந்தச் சந்தோஷம் இருந்தது.

கொம்பு சாண உரமும் கலக்கினோம். மாட்டுக் கொம்பில் சாணியை அடைத்து மண்ணில் புதைத்து, சில மாதம் கழித்து எடுப்பது. 1924-ல் ருடால்ஃப் ஸ்டெய்னர் ஆற்றிய உரைகளில் இருந்து வந்த முறை. தம்பி ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டிருக்கிறார். ஏக்கருக்கு 25 கிராம் உரம், 13 லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுழல் விழும்வரை சுற்றி, சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பயிருக்கு என்ன செய்யும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, தம்பிக்கு இருக்கிறது. ஆனால் சாயங்கால வெளிச்சத்தில் ஆத்தாவும் நானும் மாறி மாறி அந்த வாளியைக் கலக்கிய ஒரு மணி நேரத்தில்தான் அவர் கல்யாணமாகி வந்த கதையைச் சொன்னார். சாலை வராத காலம். குதிரையில் பொதி ஏற்றி உருளைக்கிழங்கு இறக்கிய காலம்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது வாரம் பூண்டு நடவு தொடங்கியது. நடவுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பூண்டு உடைத்தோம். முன்கூட்டியே உடைத்து வைத்தால் பல் காய்ந்துவிடும். வெளிச்சுற்றில் இருக்கும் பெரிய பல் விதைக்கு, உள்ளே இருக்கும் சிறுசு சமையலுக்கு. பல்லின் அடியில் வேர் கிளம்பும் தட்டு உடையக் கூடாது, மேல்தோல் உரியக் கூடாது. மதினி உடைக்கும்போது சத்தமே வராது. நான் உடைத்ததில் பத்துக்கு மூன்று சமையல் கூடைக்குப் போனது.

மறுநாள் வரிசையில் இறங்கினோம். கூலிக்கு நான்கு பெண்கள், கோவைத் தம்பி, நான். குனிந்து, கூரான பக்கம் மேலே வரும்படி, விரலின் முதல் கணு ஆழத்துக்கு அழுத்தி, மண்ணைத் தள்ளி மூட வேண்டும். தலைகீழாகப் போனால் முளை சுற்றிக்கொண்டு மேலே வர வேண்டியிருக்கும், பூண்டு கோணலாகும். நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அந்தப் பெண்கள் மூன்று வரிசை முடித்திருப்பார்கள். ஆனாலும் நிற்காமல் செய்தேன். இடுப்பு விட்டுப்போனது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு மண். என் பாட்டியும் அம்மாவும் செய்த மாதிரி ஒரு வேலையை நானும் செய்கிறேன் என்று மனதுக்குள் ஒரு பெருமிதம். அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் வயதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். "நீங்கதான் மலேசியாக்காவா?" என்று சிரித்தார். நானும் சிரித்து, எந்த வீடு, எத்தனை பிள்ளை என்று பேச்சை வளர்த்தேன். நாளைக்கு எங்கே வேலை என்று கேட்டேன்.

"வேலை இல்லக்கா. உங்க வீட்டுக்குத்தான் வருசா வருசம் பூண்டு ஊன்ற ஆறு பேரு போவோம். இந்த வாட்டி வீட்லயே ரெண்டு ஆளு இருக்காக, நாலு பேரு போதும்னுட்டாக. நானும் இன்னொரு புள்ளயும் நின்னுட்டோம்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, பஸ் வரவில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னார். அந்த ரெண்டு ஆளில் ஒன்று நான் என்பது எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அவருக்கும் அதே நொடியில் புரிந்திருக்க வேண்டும். "அட, உங்கள ஒண்ணும் சொல்லலக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது கணக்குப் போட்டேன். அங்கே பெண்ணாளுக்கு நாள் கூலி 400 ரூபாய். நான்கு நாள் நடவு. அந்தப் பெண்ணுக்கு 1,600, இன்னொரு பெண்ணுக்கு 1,600. நாங்கள் இருவரும் மனமுவந்து, ஆசையோடு செய்த சேவையால் இரண்டு வீட்டுக்கு வராமல் போகிற பணம் 3,200 ரூபாய். கவுண்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குப் பணம் எண்ணிக் கொடுத்த எனக்கு இந்தக் கணக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பெரட்டில் அம்மாவின் பெயர் கூப்பிடாத நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்த வருடம் அது. அம்மா வெறும் வாளியோடு திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருப்பார். இந்த மலையில் இரண்டு பெண்கள் அப்படி உட்கார்ந்ததற்கு நான் காரணம்.

ராத்திரி சரியாகச் சாப்பிட முடியவில்லை. காலையில் தொழுவத்தில் தம்பியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அப்டி நெனைக்கலக்கா. இருக்குற ஆளுக்கு வேலை குடுக்காம விட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு நெனச்சேன். கூலியும் கொஞ்சம் மிச்சமாகும்னு நெனச்சேன், அதையும் ஒளிக்கல" என்றார். அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு போகிற அன்றைக்கு விலை என்ன நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. காட்டு மாட்டுக்குப் போனது போக, மழைக்கு அழுகியது போக மிஞ்சுவதில்தான் அந்த வீடு நடக்கிறது. எங்கள் இருவருக்கும் மூன்று வேளை சமைத்துப் போடுவதும் செலவுதானே. அவர் பேராசைக்காரர் இல்லை.

முடிவு சொன்னது மதினி. பால் கறந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னக்கி ஆறு பேரையும் வரச் சொல்லுங்க. நானும் கூலிக்குப் போய் வளந்தவதான். இவுக ரெண்டு பேரும் வேலியப் பாக்கட்டும்." அவ்வளவுதான். தம்பி கையைக் கழுவிக்கொண்டு சாலைப் பக்கம் போனார்.

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. ஆள் கூப்பிட்டுச் செய்கிற வேலைக்கு நாங்கள் இறங்குவதில்லை. நடவு, களை, மூட்டை தூக்குவது எல்லாம் கூலியாட்களுடையது. நேரம் இல்லாமல் வருடம் முழுக்கத் தள்ளிப்போகும் வேலைகள் எங்களுடையவை. குவியல் புரட்டுவது, விதை பொறுக்குவது, குழாய் அடைப்பு எடுப்பது, கிழிந்த வலையைத் தைப்பது. வரவு செலவு நோட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். எந்தப் பாத்திக்கு எத்தனை கூடை உரம், எத்தனை ஆள், எத்தனை கிலோ என்று தினமும் எழுதினோம். அஞ்சலக வேலை கடைசியில் அங்கேதான் கைகொடுத்தது.

பண்ணையில் போய்த் தங்கி வேலை செய்ய ஆசைப்படுகிற ஒவ்வொருவரிடமும் எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான். கிளம்புவதற்கு முன்னால், சாப்பாடு எப்படி, கழிப்பறை எப்படி, வைஃபை இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறோம். நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள் என்றும் கேளுங்கள். யாரும் செய்ய மாட்டார்கள், கிடந்துபோகும் என்று பதில் வந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஊரில் இன்னார் செய்வார்கள் என்றால் அது அவர்களுடைய வேலை. அதைக் கற்றுக்கொள்ளப் போகலாம், பிடுங்கிக்கொள்ளப் போகக் கூடாது. சஸெக்ஸில் வார இறுதிக்குப் போனவர்களின் கதை வேறாக இருக்கலாம். நம் ஊர்களில் ஒவ்வொரு பாத்திக்கும் கூலியை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார்.

ஆறு பேரும் வந்த அந்த நான்காம் நாள்தான் நடவின் கடைசி நாள். அன்றைக்கு வேலிப் பக்கம் இருந்த என்னை மதினியே கூப்பிட்டார். ஆறு பேரும் வரிசையில் நிற்க, ஏழாவதாக நான், கற்றுக்கொள்கிறவளாக. கடையில் பார்த்த பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். "மலேசியாக்கா, நீங்க கையால ஊன்றீங்க. இடுப்பால ஊன்றணும்" என்று காட்டினார். முழங்காலை லேசாக மடக்கி, பாரத்தை இடுப்பில் வைத்து, கூடையை இடது பக்கம் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். நடவு தொடங்கியதில் இருந்து வலித்த முதுகு அன்றைக்கு வலிக்கவில்லை. மூன்று நாள் நானாகச் செய்து பார்த்து வராத வேலை, அரை நாள் அவர் பக்கத்தில் நின்றதில் வந்தது.

கூலிப் பேச்சும் அன்றைக்குத்தான் வந்தது. பாத்தி கட்டிய ஆணாளுக்கு 700. குனிந்து ஊன்றும் பெண்ணாளுக்கு 400. 1976-லேயே சம ஊதியச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. ஏன் இப்படி என்று கேட்டேன். ஒரு பாட்டி, "காலங்காலமா இப்டித்தான் தாயி" என்றார். என் பாட்டி காலத்து மலாயாத் தோட்டங்களிலும் பெண்ணாளுக்குக் குறைவுதான் என்று சொன்னேன். "அங்கயுமா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். இப்போது அங்கே எவ்வளவு என்று கடைப் பெண் கேட்டார். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்), உங்கள் பணத்தில் முப்பத்தைந்தாயிரம் வரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான் என்றேன். எல்லோரும் ஊன்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். ஆனால் இப்போது தோட்டங்களில் வேலை செய்வது பெரும்பாலும் எங்கள் ஆட்கள் இல்லை, இந்தோனேசியாவில் இருந்தும் வங்காளதேசத்தில் இருந்தும் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் என்பதையும் சொன்னேன். அதையும் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். "அப்ப உங்க தாத்தா மாதிரி" என்றார் அவர்.

இந்தக் கூலி விஷயத்தில் எதுவும் மாறவில்லை. தம்பியிடம் பேசினேன். ஊரில் எல்லோரும் கொடுப்பதைத்தான் நானும் கொடுக்க முடியும் என்றார். அதில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. அவரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கிளம்பும் நாள் ஆத்தா ஒரு கொத்துப் பூண்டைத் தாளோடு பின்னிக் கையில் கொடுத்தார். விதைப் பொருளை அப்படியே விமானத்தில் மலேசியாவுக்குள் கொண்டுபோக முடியாது, அனுமதி வாங்க வேண்டும் என்று விளக்கியபோது அவர் முகம் வாடிவிட்டது. பிறகு அவரே அதை வாங்கி, பரணில் ஒரு ஓரத்தில், சிவப்புத் துணி சுற்றித் தனியாகக் கட்டினார். உன் பங்கு இங்கயே கிடக்கட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காட்டு மாடு, புகை, பசியாறல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் பார்த்த பெண்ணைப் பற்றிச் சொன்னபோது தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார்.

"அப்புறம் அந்தப் பொண்ணக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்கம்மா."

"ரெண்டு பேரையுமா?"

"ரெண்டு பேரையும்."

"போன நாளுக்குக் கூலி?"

அந்த மூன்று நாள் கூலியைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவே இல்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. மறுநாள் மதினிக்குக் கைப்பேசியில் பேசினேன். நாங்கள் இருவரும் சேர்ந்து, அந்த இரண்டு பெண்களுக்கும் மூன்று நாளுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கொடுப்பது என்று முடிவானது. பாதி என்னுடையது, பாதி அந்த வீட்டுடையது. மதினி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கோவைத் தம்பி கேள்விப்பட்டு, தன் பங்கு என்ன என்று கேட்டு எழுதினான்.

பூண்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, நான்கு இலை விட்டிருக்கிறது என்று பையன் படம் அனுப்பியிருக்கிறான். அறுவடை மார்ச் கடைசியில் இருக்கும்.